மாரடைப்பே வந்ததில்லை... தினமும் ஆஸ்பிரின் போடலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

‘வயசு அறுபது ஆச்சு, ஹார்ட்டுக்கு நல்லது’ என்று தினமும் சின்னதாக ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்பவர்கள் பலர். மருத்துவ உலகிலும் நீண்ட காலம் இந்த எண்ணம் இருந்தது. 2018-ல் வெளியான பெரிய ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன.

ஆஸ்பிரின் என்ன செய்கிறது?

ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. அதனால் ரத்தக்குழாயில் அடைப்பு வரும் வாய்ப்பு குறையும். சிக்கலும் இங்கேதான். வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசிந்தால், அதை நிறுத்த வேண்டியதும் இதே தட்டணுக்கள்தான்.

ஆய்வில் தெரியவந்தது என்ன?

‘ஆஸ்ப்ரீ’ ஆய்வு ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களிடம் நடந்தது. பாதிப் பேருக்கு தினமும் 100 மி.கி. ஆஸ்பிரின், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. சுமார் 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மாரடைப்பு, பக்கவாதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கடுமையான ரத்தக்கசிவு ஆஸ்பிரின் போட்டவர்களில் 3.8%, போடாதவர்களில் 2.8%.

சுகர் இருப்பவர்களுக்கு?

பிரிட்டனில் 15,480 பேரிடம் நடந்த ‘அசெண்ட்’ ஆய்வில் கொஞ்சம் பலன் தெரிந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 9.6%-லிருந்து 8.5% ஆகக் குறைந்தன. ஆனால் கடுமையான ரத்தக்கசிவு 3.2%-லிருந்து 4.1% ஆக உயர்ந்தது. ஒரு பக்கம் வந்த லாபம் மறுபக்கம் போய்விட்டது.

இதய நோய் இல்லாதவர்கள் 60 வயதுக்கு மேல் தடுப்புக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று 2022-ல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு பரிந்துரைத்தது.

யார் நிறுத்தவே கூடாது?

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள். இவர்களுக்கு ஆஸ்பிரினின் பலன் உறுதியானது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அப்பா, அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை பாருங்கள். ஆஸ்பிரின் இருந்தால், யார் எழுதிக்கொடுத்தது, எதற்காக என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் பேசுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போடுகிறார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.