சிறைபிடிக்கப்பட்ட மீனவர்களுக்காக எம்.பி. கேட்கும் கேள்வி: டெல்லியில் நடப்பது என்ன? எந்த மந்திரி பதில் சொல்வார்?

ராமேசுவரம்:

டோக்கன் வாங்கி கடலுக்கு போன விசைப்படகு மறுநாள் காலையில் கரை திரும்பாது. சிறிது நேரத்தில் "இலங்கை நேவி பிடிச்சுட்டு போயிட்டாங்க" என்று மற்ற படகுக்காரர்கள் மூலம் தகவல் வரும். அதன்பிறகு நடப்பது ராமேசுவரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மீனவர் சங்கம் கூடும். வேலைநிறுத்தம் அறிவிக்கப்படும். முதல்-அமைச்சர் டெல்லிக்கு கடிதம் எழுதுவார். அப்போது பாராளுமன்றம் நடந்து கொண்டிருந்தால் தமிழக எம்.பி. ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார். அது டி.வி.யில் அரை நிமிடம் வரும்.

"கேட்டாரு சரி, என்ன ஆச்சு?" என்பதுதான் பிடிபட்ட மீனவர்களின் வீட்டில் இருப்பவர்கள் கேட்பது. அந்த அரை நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கும் வேலை வெளியே தெரிவதில்லை.

15 நாளுக்கு முன்பே நோட்டீஸ்

எம்.பி. நினைத்த உடனே எழுந்து மந்திரியிடம் கேள்வி கேட்டு பதில் வாங்கிவிட முடியாது. குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இலாகாவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டு இருக்கும். அந்த நாளில்தான் அந்த மந்திரி பதில் சொல்வார். நிறைய பேர் கேள்வி கொடுப்பதால் குலுக்கல் வேறு உண்டு. கேள்வி 150 வார்த்தையை தாண்டக்கூடாது.

இன்னொரு விதியும் இருக்கிறது. நட்பு நாட்டை மரியாதை குறைவாக பேசும் வாசகம் கேள்வியில் இருக்கக்கூடாது. ராமேசுவரம் போராட்ட மேடையில் இலங்கை கடற்படையை திட்டும் வார்த்தைகளை அப்படியே எழுதி கொடுத்தால் நோட்டீஸ் நிற்காது. கோபத்தை எல்லாம் வடிகட்டி, "எத்தனை பேர், எத்தனை படகு, அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" என்று மாற்றித்தான் எழுத வேண்டும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திர கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். இதற்கு மந்திரி சபையில் நேரில் பதில் சொல்ல வேண்டும். எம்.பி. மடக்கி துணைக்கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை வரும். அவற்றுக்கு எழுத்து மூலம் பதில் மட்டும்தான். துணைக்கேள்விக்கு இடம் இல்லை. கேள்வி நேரமோ ஒரே ஒரு மணி நேரம். மக்களவையில் காலை 11 மணிக்கு, மேல்-சபையில் பகல் 12 மணிக்கு. அமளி நடந்தால் அதுவும் போச்சு. பட்டியலில் உள்ள 20 கேள்விகளும் ஒரே நாளில் சபையில் எடுத்துக்கொள்ளப்படுவது அபூர்வம்.

அவசரத்துக்கு பூஜ்ய நேரம் இருக்கிறது. முந்தைய நாள் நடந்த சிறைபிடிப்பை மறுநாளே எழுப்பலாம். ஆனால் அங்கு மந்திரி உடனே பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. டி.வி.யில் அதிகம் வருவது இந்த பூஜ்ய நேர பேச்சுதான்.

ஒரு மீனவர், நாலு இலாகா

பெரிய சிக்கல் கேள்வி எந்த மந்திரிக்கு போகிறது என்பதில் இருக்கிறது. பிடிபட்ட மீனவர் ஒருவர்தான். ஆனால் அவருடைய கதை நாலு இலாகாவில் சிதறி கிடக்கிறது.

இலங்கை ஜெயிலில் இருப்பவரை மீட்பது வெளியுறவு துறை. கடலோர காவல்படையும் கடற்படையும் ராணுவ இலாகாவில் வருகின்றன. ஆழ்கடல் படகுக்கு மானியம் கொடுப்பது மீன்வளத்துறை. 2019-ம் ஆண்டில்தான் இதற்கு டெல்லியில் தனி அமைச்சகம் வந்தது. அதற்கு முன்பு விவசாய மந்திரிதான் மீனுக்கும் பதில் சொல்லி வந்தார். டோக்கன் கொடுப்பது, குடும்பத்துக்கு நிவாரணம் கொடுப்பது மாநில அரசு.

அரசியல் சட்டமும் கடலை இரண்டாக பிரித்து வைத்திருக்கிறது. கரையில் இருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கிலோ மீட்டர்) வரையிலான மீன்பிடிப்பு மாநில பட்டியலில் வருகிறது. அதற்கு அப்பால் மத்திய அரசு. எனவே கேள்வியை சரியான இலாகாவுக்கு எழுதாவிட்டால், "இது மாநில அரசு சம்பந்தப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். படகு பற்றி வெளியுறவு மந்திரியிடம் ஒன்று, நிவாரண திட்டம் பற்றி மீன்வள மந்திரியிடம் ஒன்று, ரோந்து பற்றி ராணுவ மந்திரியிடம் ஒன்று என்று பிரித்து கேட்கும் எம்.பி.க்குத்தான் உருப்படியான தகவல் கிடைக்கும்.

"இன்று மட்டும் 11 பேர்"

நட்சத்திர கேள்விக்கு என்ன பலன் என்பதற்கு 2025-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி மேல்-சபையில் நடந்ததே உதாரணம். கேள்வி நேரத்தில் வெளியுறவு மந்திரி ஜெய்சங்கர் பதில் அளித்தார். முந்தைய நாள் வரை இலங்கை பிடியில் இருந்த இந்திய மீனவர்கள் 86 பேர். அன்றைய தினமே மேலும் ஒரு படகு பிடிக்கப்பட்டு 11 பேர் கைதாகி இருப்பதால் மொத்தம் 97 பேர் என்றார். இவர்களில் 83 பேர் தண்டனை கைதிகள், 3 பேர் விசாரணைக்கு காத்திருப்பவர்கள் என்றும் பிரித்து சொன்னார். முன்கூட்டியே அச்சடித்த பதிலில் அன்று காலை பிடிபட்ட 11 பேர் இருக்க முடியாது. மந்திரி எழுந்து நின்று பேசியதால்தான் அந்த கணக்கு சபை பதிவேட்டில் ஏறியது.

தண்டனை கைதிகள் அதிகமாக இருப்பது ஏன் என்பதும் அன்று வெளிவந்தது. இலங்கையின் 1979, 1996-ம் ஆண்டு மீன்பிடி சட்டங்கள் 2018-லும் 2023-லும் கடுமையாக்கப்பட்டன. படகு உரிமையாளர், படகை ஓட்டுபவர், இரண்டாவது முறை சிக்குபவர் ஆகியோருக்கு தண்டனை கூடுதல். முன்பெல்லாம் பேச்சுவார்த்தை நடந்தால் மொத்தமாக விடுவிப்பார்கள். இப்போது கோர்ட்டு, அபராதம், ஜெயில் என்று இழுக்கிறது.

பிரச்சினைக்கு மூல காரணமாக அவர் காட்டியது 1974-ம் ஆண்டு வரையப்பட்ட கடல் எல்லையும், 1976-ம் ஆண்டு கடித பரிமாற்றமும்.

அன்றும் கேட்டார்கள்

285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கை பக்கம் போனது 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தில்தான். பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். ஜூலை 23-ந்தேதி மக்களவையில் வெளியுறவு மந்திரி ஸ்வரண்சிங் அறிக்கை படித்தார். தி.மு.க. எம்.பி. இரா.செழியன் எழுந்து கடும் எதிர்ப்பு தெரிவித்தார். ராமநாதபுரம் தொகுதி எம்.பி.யாக இருந்த பார்வர்டு பிளாக் தலைவர் பி.கே.மூக்கையா தேவரும் எதிர்த்து பேசினார்.

மீன்பிடி உரிமை, கோவில் திருவிழா உரிமை எல்லாம் பாதுகாக்கப்பட்டு இருக்கிறது என்று அன்று மந்திரி உறுதி சொன்னார். ஆனால் நெருக்கடி நிலை காலத்தில், 1976 மார்ச் மாதம் இரு நாட்டு வெளியுறவு செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டு கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று எழுதப்பட்டுவிட்டது. அந்தோணியார் கோவில் திருவிழா மிஞ்சியது. வலை போகும் உரிமை போய்விட்டது.

2024 ஏப்ரலில் ஜெய்சங்கர் நிருபர்களிடம் சொன்ன கணக்குப்படி, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் 6 ஆயிரத்து 184 மீனவர்கள் கைது செய்யப்பட்டனர். 1,175 படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன.

பிடிபட்டவர்கள் என்றாவது ஒரு நாள் விமானத்தில் வந்து சேர்கிறார்கள். படகு வருவதில்லை. பிடிபட்ட இந்திய படகுகளில் 100-க்கும் மேற்பட்டவற்றை 2022 பிப்ரவரியில் இலங்கை ஏலத்துக்கே கொண்டு வந்துவிட்டது. கடன் வாங்கி படகு கட்டியவருக்கு வட்டி மட்டும் இந்த கரையில் ஓடிக்கொண்டு இருக்கிறது. எம்.பி.க்கள் எத்தனை பேர் விடுதலை என்று கேட்பது அதிகம். எத்தனை படகு திரும்பி வந்தது என்று ஆண்டு வாரியாக கேட்பது குறைவு.

அந்த கரையிலும் ஒரு எம்.பி.

ராமேசுவரத்தில் பலருக்கு பிடிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான். "உங்க இழுவைமடி படகு எங்க வலையை அறுத்துட்டு போகுது, கடல் அடியை வழிச்சு எடுக்குது" என்பது அவர்கள் குமுறல். இலங்கை பாராளுமன்றத்தில் இழுவைமடிக்கு தடை கேட்டு தனிநபர் மசோதா கொண்டு வந்தவர் யாழ்ப்பாணம் தமிழ் எம்.பி. சுமந்திரன். 2017-ல் அது சட்டமாகியது.

அதே 2017-ல்தான் இங்கு மத்திய அரசு 2 ஆயிரம் இழுவை படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கு. அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கி கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. ஆனால் பாக் ஜலசந்தியில் ஒரு ராத்திரி போய் வந்தவருக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது வேறு தொழில். டீசல் செலவும் ஆள் கூலியும் எங்கேயோ போகும். எதிர்பார்த்த வேகத்தில் படகுகள் மாறவில்லை. எத்தனை படகு மாறியது, மாறாததற்கு காரணம் என்ன என்பது மீன்வள மந்திரியிடம் தொடர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.

'பரிசீலனையில் உள்ளது' என்றால்...

மந்திரிகள் அடிக்கடி சொல்லும் பதில் "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்து சொல்கிறேன்". தட்டிக்கழிக்கும் பேச்சு மாதிரி தெரியும். ஆனால் பாராளுமன்ற கணக்கில் இந்த வார்த்தைகள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளப்படும். அதை 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாவிட்டால் அதிகாரிகளை கூப்பிட்டு கேட்க அரசு உறுதிமொழி குழு என்று எம்.பி.க்கள் குழு ஒன்றே இருக்கிறது. மந்திரி தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் உரிமை மீறல் பிரச்சினை கொண்டு வரலாம்.

ஒருமுறை கேட்டுவிட்டு எம்.பி. ஊர் திரும்பிவிட்டால் இந்த குழு வரை விஷயம் போவதில்லை.

இரு சபைகளிலும் கேட்கப்படும் கேள்விகளும் மந்திரிகள் கொடுக்கும் பதில்களும் பாராளுமன்ற இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. இலாகா, தேதி, எம்.பி. பெயர் போட்டு யார் வேண்டுமானாலும் தேடி பார்க்கலாம். காசு கிடையாது. படகின் பதிவு எண், பிடிபட்ட தேதி, வழக்கு நடக்கும் கோர்ட்டு ஆகிய விவரங்களுடன் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுத்தால் அதை வைத்து அவர் கேள்வி தயாரிக்க முடியும். அதற்கும் 15 நாள் நோட்டீஸ் கணக்கு உண்டு என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த கூட்டத்தொடருக்கு தள்ளிப்போய்விடும் என்பது குறிப்பிடத்தக்கது.