முற்றுப்புள்ளிக்கு அப்பால்

கண்டியிலிருந்து பேராதனை வழியாக மேலேறும் வீதி கலஹாவைத் தொட்டுத் தெல்தோட்டைக்குப் போகிறது. அந்தத் தெல்தோட்டைப் பகுதியில், போப்பிட்டி என்ற சிற்றூரில் 1866இல் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். 1918இல் மறையும்வரை அவர் பாடிக்கொண்டே இருந்தார். கலம்பகம், பிள்ளைத்தமிழ், பதிகம், திருப்புகழ், சித்திரகவி என்று வடிவத்துக்கு வடிவம் மாறிப் போனார். ஒன்றைப் பாடியதும் ‘போதும்’ என்று அவர் உட்காரவில்லை. சித்திரகவி பாடுபவருக்கு அப்படி உட்காரவும் முடியாது. தேரிலோ நாகத்திலோ எழுத்துகளைப் பொருத்தும்போது ஓர் எழுத்து இடறினால் முழுப் பாட்டையும் கலைத்து மறுபடி கட்ட வேண்டும்.

படைப்பெழுத்தின் இயல்பே அதுதான். மனதில் தோன்றியது ஒன்று, தாளில் இறங்கியது இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கத்தான் எழுதுபவர் திரும்பத் திரும்ப வருகிறார். வாய்விட்டு வாசித்தால் ஓசை இடறுவது தெரியும். சில மாதம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால் வேண்டாத வரி தானாகவே கண்ணில் படும். அதற்குள் எழுதியவரின் அறிவும் அனுபவமும் வளர்ந்திருக்கும். ஆகவே பழைய பிரதி புதிய கேள்விகளைக் கேட்கும்.

இது கவிஞருக்கு மட்டும் உரியதல்ல. இமாம் ஷாபிஈ (ரஹ்) முன்பு எழுதிய ‘ரிஸாலா’வை மிஸ்ருக்குப் போன பின் மறுபடி எழுதினார்கள். கௌல் கதீம், கௌல் ஜதீத் என்ற பிரிவு நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். மேற்கே வால்ட் விட்மன் 1855இல் 12 கவிதைகளோடு வெளியிட்ட ‘புல்லின் இதழ்கள்’ நூலை 1892இல் இறக்கும் வரை திருத்தியும் பெருக்கியும் வந்தார்.

ஒருவரால் முடியாததை அடுத்தவர் தொடர்வதும் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களோடு, ஹிஜ்ரத்துக் காண்டத்தின் உறனிக் கூட்டத்தார் படலத்தில் நின்றுவிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு அதில் முழுமையாக இல்லை. மிகுதியைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ என்று பாடினார். உமறுவின் காப்பியம் குறைப்பட்டுப் போனதென்று யாரும் அதை ஒதுக்கவில்லை. அந்தக் குறையே இன்னொரு காப்பியத்துக்கு வாசலாயிற்று.

ஆய்வுக்கும் இதே கதைதான். ம. மு. உவைஸ் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிச் செய்த ஆய்வைக் கண்டி மாவட்டத்தின் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் 1953இல் ஆங்கில நூலாக வெளியிட்டது. அவர் அத்தோடு நிறுத்தவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்.

இன்று நம்மிடையே என்ன நடக்கிறது? வெளியீட்டு விழா, பொன்னாடை, முதற்பிரதி, அதோடு சரி. “புத்தகம்தான் வந்துட்டுதே, இனி என்ன?” என்ற பேச்சு வந்துவிடுகிறது. அச்சுப்பிழை அப்படியே கிடக்கிறது. விமர்சனம் சொன்னவர் எதிரியாகிவிடுகிறார். அச்சகத்துக்குத் தவணை உண்டு, அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது எழுத்தை நிறுத்தும் நாள் மட்டுமே, எழுத்து நிறைவுற்ற நாள் அல்ல.

திருத்திக்கொண்டே இருந்தால் எதுவும் வெளிவராதே என்பீர்கள். நியாயம்தான். வெளியிடுங்கள். வெளியிட்ட பின் ஒரு பிரதியை உங்களுக்கென்று வைத்து, வாசகர் சொல்வதையும் நீங்களே காண்பதையும் அதன் ஓரத்தில் திகதியிட்டுக் குறியுங்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று முன்னுரையில் சொல்லுங்கள். பழைய வரைவுகளை எறிந்துவிடாதீர்கள். நாளை உங்கள் எழுத்தைத் தொடர வருபவருக்கு, நீங்கள் விட்ட இடம் எதுவென்று அவைதான் காட்டும்.