கெண்டியும் தூரிகையும்: கைவண்ணப் பழம்பீங்கானை இனங்காணலும் மதிப்பிடலும்

முன்னுரை

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய வீடுகளைக் காலி செய்யும் குடும்பங்கள் பித்தளைக் குத்துவிளக்கைப் பேணி எடுத்துச் செல்கின்றன; அடுக்களைப் பரணில் கிடக்கும் பீங்கானைப் பொருட்படுத்தாது விடுவதும் உண்டு. சிலர் அடியில் உள்ள சீன முத்திரையைக் கண்டு பெருஞ்செல்வம் கிட்டியதென மயங்குவர். இவ்விரு பிழைகளும் பொருளை முறையாகப் படிக்கத் தெரியாமையால் எழுபவை. கையால் வண்ணம் தீட்டிய பழம்பீங்கானை இனங்காணும் முறையையும் அதன் மதிப்பை அறியும் வழியையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சொல்லும் பொருளும்

‘பீங்கான்’ பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். மலாய்மொழியில் தட்டைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்பதற்கும் மூலம் அதுவே. ‘கெண்டி’ என்னும் சொல்லும் இரு மொழிகளிலும் வழங்குகிறது. வடமொழிக் ‘குண்டிகா’வே அதன் மூலம் என்பர். கைப்பிடியற்ற இக்கலத்தின் கழுத்தைப் பற்றி, மூக்கின்வழி நீரை வார்த்து, உதடு படாமல் அண்ணாந்து பருகுவர். இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. இந்தியாவில் தோன்றிய இவ்வடிவத்தைச் சீனக் குயவர்கள் தென்கிழக்காசியச் சந்தைக்காகப் பீங்கானில் வனைந்தனர். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆசியக் கலை அரும்பொருளகத்தில் கெண்டிகளின் பெருந்தொகுதி ஒன்று உள்ளது. அதனைக் கூ ஜூ ஈ 1991இல் நூலாக வெளியிட்டார்.

சீனப் பீங்கானின் கடல்வழி தமிழகத்தையும் தொட்டது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோர் மேற்கொண்ட ஆய்வுகளில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஆகவே இப்பொருள் நம் வரலாற்றுக்கு அயலானதன்று.

இனங்காணும் முறை

முதலில் பார்க்க வேண்டியது தூரிகையின் தடம். கையால் தீட்டிய கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி வரும். தூரிகை நின்ற இடத்தில் வண்ணம் அடர்ந்து தேங்கும். ஒரே கலத்தில் உள்ள இரு மலர்களும் முழுதும் ஒத்திரா. அச்சுத்தாள் கொண்டு பதித்த ஓவியத்திலோ வடிவங்கள் பிசகாமல் மீளும். விளிம்புப் பட்டையில் தாள் இணைந்த தையல் தெரியும். பிற்கால ஒட்டுப்படத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஆடியில் நோக்கினால் பெரும்பாலும் புள்ளிகளின் வரிசை புலப்படும்.

அடுத்து வண்ணத்தின் இடத்தை அறிதல் வேண்டும். கோபால்ட்டு நீலம் மெருகிற்கு அடியில் தீட்டப்பட்டு, ஏறத்தாழ 1300 பாகைச் செல்சியசு வெப்பத்தில் சுடப்படும். விரலுக்கு அது தட்டுப்படாது. இளஞ்சிவப்பும் பச்சையும் மிக்க நியோஞா பீங்கானில் வண்ணங்கள் மெருகின்மேல் இடப்பட்டுக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடப்பட்டவை. தடவினால் சிறு மேடாக உணரலாம். பொன்பூச்சு எளிதில் தேயும். பெரனாக்கான் சீனர்க்காகச் சிங்டேசென் சூளைகளில் உருவான இக்கலங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை.

மூன்றாவது அடிவளையம். மெருகற்ற அப்பகுதியில் களிமண்ணின் தன்மையும் சூளை மணலின் ஒட்டலும் வெளிப்படும். இயல்பான தேய்மானம் கலம் தரையைத் தொடும் இடத்தில் மிகும். எங்கும் ஒரே சீராகப் படிந்த அழுக்கு ஐயத்திற்குரியது.

முத்திரையை இறுதியிலேயே படித்தல் நலம். காங்சி பேரரசரின் ஆட்சி 1662 முதல் 1722 வரை நிகழ்ந்தது. ஆயினும் அவர் பெயர் 19ஆம் நூற்றாண்டுக் கலங்களிலும் பரவலாக எழுதப்பட்டது. முன்னோரைப் போற்றும் வழக்கமாகவும் அது அமைந்தது. அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்கப் பணித்தது. ஆதலின் ‘சைனா’ என்னும் ஆங்கிலச் சொல் பொதுவாக அதற்குப் பிற்பட்ட காலத்தைக் காட்டும். அச்சொல் இல்லாமை பழமைக்குச் சான்றாகாது. மலாயாவுக்கு வந்த சரக்கிற்கு அவ்விதி பொருந்தவில்லை.

மதிப்பீடு

சந்தை விலையை நிறுவுவன காலம், வடிவத்தின் அருமை, தீட்டலின் திறம், பழுதின்மை, உடைமை வரலாறு ஆகியவை. மயிரிழைக் கீறலும் மூக்கு ஒடிந்த கெண்டியும் விலையைப் பெரிதும் குறைக்கும். பழுதை மறைத்த பூச்சுகள் பல புறஊதா விளக்கில் வேறு நிறமாக ஒளிரும். காப்பீட்டுக்குரிய மதிப்பும் விற்பனையில் கிட்டும் தொகையும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பொன்பூச்சைத் தேய்த்து விளக்குவதும் உடைந்ததைக் கடைப்பசையால் ஒட்டுவதும் மதிப்பைக் கெடுக்கும். மரபுடைமைப் பொருளை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்ல, 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி ஆணையரின் அனுமதி தேவை.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் உடைமை வரலாறு ஒன்றே நம் கையில் உள்ளது. தூரிகைத் தடத்தை நூறாண்டு கழித்தும் படிக்கலாம். ஒரு கலம் எவர் வழி, எவ்வூரிலிருந்து, எச்சடங்கிற்காக வீட்டிற்கு வந்தது என்பதை அறிந்த பாட்டி மறைந்தபின் அச்செய்தியை எந்த ஆடியும் காட்டாது. எனவே தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம் வீட்டுக் கலம் ஒன்றின் படத்தையும் அளவையும் மூத்தோர் கூற்றையும் எழுதி வரப் பணிக்கலாம். கலம் பின்னர் விற்கப்படினும், மலேசியத் தமிழரின் இல்வாழ்க்கைக்கு அவ்வேடு சான்றாக நிற்கும்.