கெம்பஸ் செலவுக்குக் கைகொடுக்கும் பணம்

"பிள்ளை கெம்பஸ் போனா செலவுக்கு எங்க போறது?" என்று பல லயங்களில் கேட்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்க, சாப்பிட, புத்தகம் வாங்கத்தான் பணம் வேண்டும். அதற்கு உதவிகள் உண்டு.

முதலாவது, 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மகாபொல புலமைப்பரிசில். குடும்ப வருமானத்தையும் உயர்தரப் புள்ளிகளையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். இது கடன் இல்லை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு பேர்சரி இருக்கிறது. இவை தவிர, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாக ஒரு கல்வி உதவி நிதியும் நடக்கிறது. அதன் விளம்பரம் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும், கவனமாகப் பாருங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளையும் பின்தங்குவது கடதாசியில்தான். வருமானத்தைக் கிராம சேவகரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே தாய், தகப்பன் இருவருடைய சம்பளச் சிட்டைகளையும் வீசாமல் வையுங்கள். வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புப் பத்திரத்தில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'ராமாய்', செக்ரோலில் 'ராமாயம்மா' என்றிருந்தால், மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட அலைய வேண்டிவரும். திருத்தம் செய்ய நாள் எடுக்கும். பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே இதைச் சரிபாருங்கள்; ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

படிவம் நிரப்ப யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். கடதாசிகளோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள். கூட இருந்து நிரப்பித் தருகிறோம்.