மாதம் நூற்றுக்கு எட்டு
— ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்பையும் ஜவுளி இருப்பையும் சரிபார்த்து முடித்த வேளையில், அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் உள்ளே வந்தார். கூலியில் பிடித்தம் செய்து பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த தம் சேமிப்புத் தொகை முழுவதையும் திரும்பப் பெற வேண்டுமென்று மனு எழுதிக் கொணர்ந்திருந்தார். காரணம் என்னவென்று செயலாளர் வினவியபோது, மடியிலிருந்து வர்ண அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து மேஜைமீது வைத்தார்.

"ஐயா, நீங்கள் படித்தவர்கள். இதைச் சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அதனை நம் பக்கம் நகர்த்தினார்.

வளர்ந்துவரும் நாடுகளின் சந்தைகளில் மாற்று முதலீடு செய்யும் நிறுவனம் என்று அப்பிரசுரம் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. ஒரு லட்சம் ரூபாய் செலுத்துவோருக்கு மாதந்தோறும் 8,000 ரூபாய் கிடைக்கும். மேலும் மூவரைச் சேர்த்துவிடுவோருக்குத் தனிச் சன்மானம் உண்டு. இவ்வளவே அதன் சாரம். எந்த நாடு, எந்தச் சந்தை, எந்தச் சரக்கு என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

இத்தகைய பிரசுரங்கள் இன்று நெசவாளர் தெருக்களுக்கும் களத்து மேட்டுக்கும் கைபேசி வழியாகவே வந்து சேருகின்றன. ஆகவே, அப்பெரியவருக்கு நாம் கூறியவற்றை நம் அங்கத்தினர் அனைவருக்கும் கூறுதல் கடமையென்று கருதுகிறோம்.

சொற்களின் பொருள்

"வளர்ந்துவரும் சந்தை" என்னும் தொடர் மோசடிக்காரர்கள் படைத்ததன்று. 1981-ஆம் ஆண்டில் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் பணியாற்றிய அன்டோயின் வான் அக்ட்மேல் என்பவர் அதனை வழங்கினார். மூன்றாம் உலக நாடுகள் என்ற பெயர் முதலீட்டாளரை அச்சுறுத்தியதால், நம்பிக்கையூட்டும் பெயர் ஒன்று வேண்டியிருந்தது. நம் நாடும் அவ்வகையைச் சேர்ந்ததே. வளரும் நாட்டில் தொழில் பெருகுவதால் லாபம் மிகுதியாகக் கிடைக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அந்நாட்டின் நாணயம் வீழ்ந்தாலும், அரசாங்கம் கடனைச் செலுத்த இயலாமற் போனாலும், அந்த லாபம் கரைந்துவிடும் என்பதும் உண்மை. 2022 ஏப்ரல் மாதத்தில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்த அந்நாட்டு நாணயம், மே மாதத்திற்குள் சுமார் 360 ரூபாய்க்கு இறங்கியது. ஒருவரும் ஏமாற்றாமலே முதல் தேய்ந்துபோன கதை இது.

"மாற்று முதலீடு" என்பதும் சட்டம் அறிந்த சொல்லே. பங்கு, கடன் பத்திரம், வங்கி வைப்பு ஆகிய வழக்கமான வழிகளுக்குப் புறம்பானவற்றில் பணமிடும் நிதியங்களுக்கு, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2012-ல் தனி விதிகள் வகுத்தது. அவ்விதிகளின்படி ஒருவர் பொதுவாகக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் செலுத்த வேண்டும். இந்த வரம்பு எதற்காக? இழந்தாலும் தாங்கக்கூடியவர் மட்டுமே இதில் இறங்கட்டும் என்பதற்காகவே. கோடி ரூபாய்க்காரருக்கே ஆபத்தென்று சட்டம் கருதும் ஒன்றை, தறியில் நாட்கூலி பெறுபவரிடம் ஒரு லட்சத்திற்கு விற்க வருவோரை நாம் எங்ஙனம் நம்புவது?

அல்பேனியா கண்ட துன்பம்

ஐரோப்பாவின் தென்கிழக்கில், ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் வாழ்ந்த சிறு நாடு அல்பேனியா. 1990-களின் தொடக்கத்தில் பொதுவுடைமை ஆட்சி நீங்கிச் சந்தைப் பொருளாதாரத்திற்குத் திரும்பியது. வங்கிகள் சீராக இயங்கவில்லை. அவற்றை மேற்பார்வையிடும் ஏற்பாடும் வலுவாக இல்லை. அவ்விடைவெளியில் தனியார் நிதி நிறுவனங்கள் முளைத்தன. 1996-ல் அவை மாதம் நூற்றுக்கு எட்டு வட்டி தந்தன. பின்னர் ஒன்றோடொன்று போட்டியிட்டு, சில மாதங்களில் பணத்தை இரட்டிப்பதாகவும் அதற்கு மேலும் கூறின. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பணமிட்டதாக மதிப்பிடப்படுகிறது. வீட்டை விற்றவர் உண்டு. உழவர்கள் ஆடுமாடுகளை விற்றுக் கட்டினார்கள். அந்நிறுவனங்கள் மக்களுக்குத் தரவேண்டியிருந்த தொகை, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறையப் பாதிக்கு உயர்ந்தது.

1997 ஜனவரியில் அவை சரியத் தொடங்கின. மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன, அரசாங்கம் கவிழ்ந்தது, சுமார் 2,000 பேர் உயிரிழந்தனர்.

பெரியவர் காட்டிய பிரசுரத்திலும் அதே மாதம் நூற்றுக்கு எட்டு இருந்தது நம் மனத்தில் தைத்தது.

நம் வீட்டுக் கதை

அயல்நாட்டாரைச் சுட்டிப் பேசுவது எளிது. நம் குடும்பத்திலேயே நிகழ்ந்ததை மறைப்பது முறையாகாது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமுப் பறவை வளர்ப்புத் திட்டங்கள் பரவியிருந்த காலம் அது. ஈமு ஆஸ்திரேலியாவுக்குரிய பறவை. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டுவோருக்கு ஆறு குஞ்சுகளும் கொட்டகையும் தீவனமும் தந்து, மாதம் 6,000 ரூபாயும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனசும் கொடுப்பதாக விளம்பரங்கள் கூறின. நம் சிறிய தகப்பனார் பிரசுரத்துடன் வந்து, "தம்பி, நீ பட்டதாரி, கணக்குப் போட்டுச் சொல்" என்றார். நாம் கணக்கிட்டோம். ஆண்டுக்கு 92,000 ரூபாய். முதலில் நூற்றுக்கு 61-க்கு மேல். இவ்வளவு வருமானமா என்று வியந்தோம். அப்பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. சிற்றன்னையின் நகைகள் அடகுக்குப் போயின.

சில மாதங்கள் பணம் தவறாமல் வந்தது. 2012 ஆகஸ்டில் திட்டங்கள் சரிந்தன. ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் நாட்டில் சொல்லத்தக்க கிராக்கி இல்லை. குஞ்சுகளை வாங்கியவர்கள் புதிதாகச் சேர்ந்த வளர்ப்போரே. அவர்கள் வருவது நின்றதும் பறவைக்கு விலையே இல்லாமற் போயிற்று. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசுக் கால்நடைத் துறையினர் தீவனமிட நேர்ந்தது. பின்னர்க் கோயம்புத்தூரிலுள்ள தனி நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் பொறுப்பாளர் சிலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தது, நகை திரும்பவில்லை. அக்கொட்டகையில் இன்று விறகு அடுக்கியிருக்கிறார்கள். கணக்கைச் சரியாகப் போட்டுக் கேள்வியைத் தவறவிட்ட குற்றம் நம்முடையது.

இதில் புதுமை ஏதுமில்லை. அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸில், 1990-களிலேயே ஈமு மோகம் எழுந்து அடங்கிற்று. விலை வீழ்ந்தபின் பறவைகளை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. நம் நாட்டில் அதே பத்தாண்டில் தேக்கு வளர்ப்புத் திட்டங்கள் பெருகி, 1998-ஐ ஒட்டிப் பல சரிந்தன. தேக்கு நல்ல மரமே. ஆனால் முதிரப் பல பத்தாண்டுகள் வேண்டும். மரம் மெதுவாக வளர, விளம்பரத்தில் பணம் மட்டும் விரைந்து வளர்ந்தது. 2022-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகக் காவல் துறை கூறிற்று. பறவை, மரம், தங்கம், கண்ணுக்குத் தெரியாத மின்னணு நாணயம் எனச் சரக்கு மாறுகிறதேயன்றிச் சூத்திரம் மாறுவதில்லை.

பதின்மூன்றாம் மாதம்

அச்சூத்திரத்தைப் பெரியவருக்குச் சங்கத்தின் பற்றுச்சீட்டுப் பின்புறத்திலேயே எழுதிக் காட்டினோம்.

ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கட்டுகிறார். நிறுவனம் எத்தொழிலும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் பணத்திலிருந்தே மாதம் 8,000 ரூபாய் கொடுத்துவந்தால், பன்னிரண்டு மாதங்களில் 96,000 ரூபாய் தீர்ந்துவிடும், மிஞ்சுவது 4,000. ஆக, பன்னிரண்டு மாதங்கள் ஒழுங்காகப் பணம் வந்தது என்பது நாணயத்திற்குச் சான்றாகாது; தம் பணத்தையே தாம் திரும்பப் பெற்றதாகவும் இருக்கலாம். பதின்மூன்றாம் மாதம் கொடுப்பதற்கு மற்றொருவருடைய பணம் வேண்டும். மூவரைச் சேர்த்தால் சன்மானம் என்பதன் இரகசியம் இதுவே. முகவருக்குரிய தரகும் அதே பையிலிருந்து போவதால், பதின்மூன்றாம் மாதம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

"என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாகத் தவறாமல் வருகிறதே, ஐயா" என்றார் பெரியவர்.

"வரட்டும், பெரியவரே. அவர் எண்ண வேண்டியது வந்த மாதங்களையல்ல, இன்னும் வரவேண்டிய மாதங்களை" என்றோம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

புதிய முதலீடு எதுவாயினும் தீமையென்று நாம் கூறவில்லை. ஆனால் பணம் கொடுக்குமுன் இவற்றைக் கேட்க வேண்டும்.

முதலாவது: லாபம் எத்தொழிலிலிருந்து வருகிறது? நம் சேலையை வாங்குபவர் உடுத்துவதற்காக வாங்குகிறார். அப்படி உண்மையான கொள்வோர் யார்?

இரண்டாவது: எந்த அதிகாரியின் அனுமதி பெற்றது? பலரிடம் பணம் திரட்டிக் கூட்டாக முதலிடும் திட்டங்களுக்கு 1999 முதல் செபியின் விதிகள் உள்ளன. கம்பெனிப் பதிவுச் சான்று மட்டும் வைப்புத்தொகை பெறும் உரிமையைத் தராது.

மூன்றாவது: இன்றே பணம் திரும்ப வேண்டுமென்றால் யார் தருவார், எத்தனை நாளில் தருவார்?

நான்காவது: ஆளைச் சேர்ப்பதற்குக் கூலி உண்டா? உண்டென்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஐந்தாவது, நம்மை நாமே கேட்டுக்கொள்வது: இத்தொகை முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா?

ஏமாந்தவர்கள் வெட்கத்தால் வாய்மூடியிருத்தல் கூடாது. வைப்பாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. பொருளாதாரக் குற்றப் பிரிவில் எவ்வளவு விரைவாகப் புகார் செய்கிறோமோ, சொத்துக்களை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு மிகுதி.

நம் சங்கங்களைப் பற்றியும் உண்மை

பிறரை வினவும் நாம் நம்மையும் வினவிக்கொள்ள வேண்டும். கூட்டுறவு வங்கிகள் உள்ளிட்ட காப்பீடு பெற்ற வங்கிகளில், ஒருவருக்கு ஒரு வங்கியில் முதலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை 2020 முதல் வைப்புக் காப்பீடு உண்டு. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும், வங்கியல்லாத பிற சங்கங்களிலும் இடும் பணத்திற்கு அக்காப்பீடு இல்லை. அங்குக் காவலாக நிற்பவை தணிக்கையும், பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கும் அங்கத்தினரின் விழிப்புமே. தணிக்கை அறிக்கை வாசிக்கப்படும்போது தேநீர் அருந்த எழுந்து போகும் அங்கத்தினர் தம் பணத்தைப் பூட்டாத பெட்டியில் வைக்கிறார்.

மேலும், விவசாயிக்கு ஆகச் சிறந்த மாற்று முதலீடு அவர் களத்திலேயே இருக்கலாம். அறுவடைக் காலத்தில் அடிவிலைக்கு விற்காமல், அங்கீகாரம் பெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்து, அந்த ரசீதின்மீது ஈட்டுக்கடன் பெற்றுப் பின்னர் விற்பது அத்தகையது. பிற்பாடு விலை ஏறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கிடங்கு வாடகையும் வட்டியும் கணக்கில் சேரும். ஆயினும் சரக்கு கண்ணெதிரே இருக்கிறது. நெசவாளருக்கு, புதிய வடிவம் நெய்ய உதவும் தறி உபகரணமும், பிள்ளையின் தொழிற்கல்வியும் அத்தகையவை. இவை மாதம் நூற்றுக்கு எட்டு தாரா. ஆனால் ஓரிரவில் ஊரைவிட்டு ஓடவும் மாட்டா.

பெரியவர் மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சென்றார். மறுவாரம் செயலாளர் வாயிலாகச் செய்தி வந்தது. அந்த ஐந்து கேள்விகளில் முதல் நான்கையும் அவர் முகவரிடம் கேட்டிருக்கிறார். தலைமை அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகப் போன முகவர் அவர் வீட்டுக்கு மீண்டும் வரவில்லை. அவருடைய சேமிப்பு சங்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதே தெருவில் வேறிருவர் தத்தம் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டனர் என்றும் செயலாளர் தெரிவித்தார். அவர்களோடு ஒருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவினர் இப்பொருளுக்கென அரைமணி நேரம் ஒதுக்க வேண்டுகிறோம். பதின்மூன்றாம் மாதக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டி. அது காக்கக்கூடியது ஒரு தெருவின் சேமிப்பு.