கள்ளப்பமும் பீட்சாவும்

பொன்முடி செல்லும் வழியில் இருக்கிறது எங்கள் கல்லாறு. சென்ற விடுமுறையில் அங்கே இத்தாலியரின் பீட்சா செய்ய முனைந்தேன். இரவுவரை காத்திருந்தும் மாவு உப்பவில்லை. ஊர்ப்பெயருக்கேற்பக் கல்லாகிவிட்டதே என்று தம்பி நகைத்தான்!

அம்மா கேட்டார்கள்: “கொதிக்கும் தண்ணீரையா விட்டாய்? கள்ளப்பத்திற்குக் கப்பி காய்ச்சினால், அது ஆறிய பிறகுதானே கள்ளும் மாவும் சேர்ப்போம்?”

நுட்பம் அதில்தான் இருக்கிறது. கள்ளைப் புளிக்க வைப்பதும் ரொட்டி மாவை உப்ப வைப்பதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே. புளிப்பு ஓர் உயிரின் செயல் என்பதை லூயி பாஸ்டர் 1857 முதல் நடத்திய ஆய்வுகளால் நிலைநாட்டினார். ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஈஸ்ட் மடிந்துவிடும்.

மறுநாள் அரைக் கிலோ மைதாவில் 10 கிராம் உப்பும் 5 கிராம் உலர் ஈஸ்ட்டும் கலந்து, 300 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டுப் பத்து நிமிடம் பிசைந்தேன். பிசையப் பிசையக் கோதுமையின் குளூட்டன் வலைபோலாகி, ஈஸ்ட் விடும் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கிறது. அரிசியில் குளூட்டன் இல்லை. ஆகவேதான் கப்பியின் பசை வேண்டியிருக்கிறது.

ஈரத்துணியால் மூடிவைத்த மாவு இரண்டு மணி நேரத்தில் இரு மடங்காயிற்று. பாஸ்டரைத் தேர்வுக்காகப் படித்தவன் நான். படிக்காமலே கைக்கொண்டவர் அம்மா.