கூடி வாழும் அண்டங்களும் குறையும் வாயுவும்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது மனிதருக்குப் பொருந்தும் மொழி. வானவெளியிலோ, அண்டங்கள் கூடி வாழுமிடத்து அவற்றின் கைப்பொருள் கரைவதையே ஆராய்ச்சியாளர் காண்கின்றனர். அண்டங்களின் கைப்பொருளாவது ஹைட்ரஜன் வாயு. இவ்வாயு குளிர்ந்து செறியுமிடத்தில்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. வாயு தீர்ந்த அண்டத்தில் நீல நிறமுடைய பெரிய நட்சத்திரங்கள் விரைவில் மடிந்துபோக, முதிர்ந்த செந்நிற நட்சத்திரங்களே எஞ்சி நிற்கும்.

அண்டம் என்று இங்கே குறிப்பது, நமது சூரியன் அடங்கிய பால்வீதியைப் போன்ற நட்சத்திரத் தொகுதியை. இவற்றுள் சில தனித்து உலவுகின்றன. வேறு சில நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஈர்ப்பு விசையால் பிணைக்கப்பட்டுத் திரள்களாக வாழ்கின்றன. நமக்கு அண்மையிலுள்ள பெரிய திரள், கன்னி ராசியின் திசையில், ஐந்து கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் உள்ளது. தனித்த சுருள் அண்டத்தில் வாயுத் தட்டானது நட்சத்திரத் தட்டைக் கடந்து வெளியே பரந்திருப்பது வழக்கம். கன்னித் திரளின் நடுப்பகுதியிலோ, வாயுத் தட்டின் விளிம்பு தேய்ந்து, நட்சத்திரத் தட்டைவிடச் சிறுத்துப்போன அண்டங்கள் காணப்படுகின்றன. நட்சத்திரங்கள் கலையாமலிருக்க, வாயு மட்டும் அகன்றது எங்ஙனம்?

1970 டிசம்பரில் செலுத்தப்பட்ட ‘உஹுரு’ என்னும் செயற்கைக் கோள் இவ்வினாவுக்கு வழி காட்டிற்று. திரள்களினின்று எக்ஸ் கதிர்கள் வருவதை அது பதிவு செய்தது. அண்டங்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையன்று என்பதும், பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு அங்கே நிரம்பியிருக்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஓரிரு துகள்களே இருக்குமளவுக்கு அது மெலிந்தது. ஆயினும், திரளுக்குள் விழும் அண்டம் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவான வேகத்தில் செல்வதால், அம்மெல்லிய வாயுவே புயற்காற்றாக எதிர்ப்படுகிறது. 1972-இல் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்னும் இருவர் இதனைக் கணக்கிட்டனர். எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். களத்தில் நெல் தூற்றும்போது மணி காலடியில் விழ, பதர் காற்றோடு போவதை இதற்கு ஒப்பிடலாம். ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள நட்சத்திரங்களை இக்காற்று அசைப்பதில்லை. அவற்றிடையே பரவிக்கிடக்கும் வாயுவையே அடித்துச் செல்கிறது.

இது வெறுங்கணக்கோடு நின்றுவிடவில்லை. நார்மா திரளில், சுமார் 22 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓர் அண்டத்தின் பின்னால், இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கும் மேலாக நீளும் வாயு வால் ஒன்றினைச் ‘சந்திரா’ எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காட்டியுள்ளது. (சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய கருவி அது.) அண்டை அண்டங்களின் ஈர்ப்பு வாயுவைப் பிய்த்தெடுப்பதும், புறத்தேயிருந்து புதிய வாயு வந்து சேராமல் தடைப்படுவதும் பிற காரணங்களாகும்.

இனி, இவ்விழப்பு எக்காலத்தில் நேர்ந்தது என்பதே அரிய வினா. தொலைவிலுள்ளதை நோக்குவது பழங்காலத்தை நோக்குவதேயாகும். தொலைவிலுள்ள திரள்களில் நீல அண்டங்கள் மிகுதி என்று 1978-இல் புட்சரும் ஓம்லரும் அறிவித்தனர். நீல நிறம் உண்டெனின் வாயுவும் இருந்திருத்தல் வேண்டும். ஆனால் அதனை நேரில் அளப்பது எளிதன்று. ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடுகிறது. ஆனால் தானாக விடப்பட்ட ஓர் அணு அதனை வெளியிடச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேலாகும்! அணுக்களின் பெருந்தொகையாலேயே அவ்வலை நமக்குக் கிட்டுகிறது. பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஓர் அண்டத்தினின்று வரும் அலையோ, கருவியின் இரைச்சலில் மூழ்கிவிடும்.

புனே நகருக்கு வடக்கே நாராயண்காவ் அருகில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கம்பிவலைக் கிண்ணங்களைக் கொண்டு இயங்கும் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியால் இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. நோக்கப்பட்டது ஏபெல் 370 என்னும் திரள். அதனின்று நாம் பெறும் ஒளி சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. பிரபஞ்ச விரிவினால் 21 சென்டிமீட்டர் அலை ஏறத்தாழ 29 சென்டிமீட்டராக நீண்டு வந்து சேர்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிலிப் லா, புனேயைச் சேர்ந்த ஜயராம் செங்கலூர் முதலியோர் கையாண்ட உபாயம் ஆசிரியர்களுக்குச் சுவையளிக்கும். ஓர் எள்ளை மளிகைக் கடைத் தராசிலிட்டால் முள் அசையாது. பல நூறு எள்ளைச் சேர்த்து நிறுத்து, எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும். அவ்வாறே, ஆங்கிலோ ஆஸ்திரேலியத் தொலைநோக்கியால் தொலைவு துல்லியமாக அளக்கப்பெற்ற 324 அண்டங்களின் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தனர். இரைச்சல் ஒழுங்கற்றதாகலின் பெரும்பாலும் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள, வாயுவின் அலை மட்டும் மேலெழுந்தது.

2009-இல் வெளியான முடிவின்படி, அண்டமொன்றின் சராசரி ஹைட்ரஜன் 660 கோடி சூரியன்களின் நிறை. பிழை எல்லை, கூடவோ குறையவோ 350 கோடி. நீல அண்டங்கள் 105-ஐ மட்டும் பிரித்தெடுத்தால் சராசரி 1,900 கோடி. பிழை எல்லை 650 கோடி. முதல் எண்ணில் பிழை, விடையின் பாதிக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய அளவைப் பாடமாகச் சொல்லும்போது பிழை எல்லையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கரும்பலகையில் எழுதுவது முறையன்று. இரண்டாம் எண் ஓரளவு உறுதியானது.

சுமார் 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா திரளைச் சூழ்ந்த வாயுவைவிட, ஏபெல் 370-ஐச் சூழ்ந்த மொத்த வாயு எட்டு மடங்கு வரை மிகுதி என மதிப்பிடப்பட்டது. எனினும், நடுவை நெருங்கிய அண்டங்களில் வாயு குறைவு, விலகியவற்றில் அதிகம் என்னும் ஒழுங்கு அங்கும் அவ்வாறே இருந்தது. ஆகவே, 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பறிப்பு நடைபெற்றுக்கொண்டிருந்தது. பறிக்கப்படுவதற்கு வாயு இன்னும் ஏராளமாகப் புறப்பகுதியில் எஞ்சியிருந்தது.

எள்ளைச் சேர்த்து நிறுக்கும் முறையில் ஒரு குறையும் உண்டு. எந்த எள் பெரியது, எது சொத்தை என்பதைத் தராசு சொல்லாது. 324 அண்டங்களுள் எது வாயுவை இழந்துகொண்டிருந்தது என்பது இவ்வளவையினின்று தெரிவதில்லை. புதுப்பிக்கப்பட்ட அதே தொலைநோக்கியைக் கொண்டு, 7,653 அண்டங்களின் அலைகளைச் சேர்த்து இன்னும் பழைய காலத்து ஹைட்ரஜனை அளந்த செய்தி 2020-இல் வெளியாயிற்று. அங்கும் கிடைத்தது சராசரியே.